செம்மணலில் கோடைப் பூக்கள்

உடன்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கருப்பட்டி. கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தேரி. ஊருக்கு வடக்கே பரமன்குறிச்சி, காயாமொழி, நாலுமாவடி, மெஞ்ஞானபுரம் என்று ஊர்கள் சுற்றி நிற்க, நடுவில் ஏறத்தாழ 12 ஆயிரம் ஏக்கரில் விரிந்து கிடக்கிறது குதிரைமொழித் தேரி. சிவந்த மணல்மேடு, மேட்டின் மேல் ஒற்றைப் பனை, பின்னால் நீல வானம். சினிமாக்காரர்களும் கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்க வருகிறவர்களும் இந்த ஒரே காட்சியை எடுத்து எடுத்துச் சலிக்க வைத்துவிட்டார்கள். நின்ற உயரத்திலிருந்து பார்த்தால் தேரி அப்படித்தான் தெரியும், ஆளற்ற பொட்டலாக. அதே இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணைக் கணுக்கால் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் அங்கே ஒரு சந்தை கூடியிருக்கும்.

அந்தச் சந்தையைப் படம் எடுப்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மே மாதம் பிறந்துவிட்டால் பூப் பார்க்க நாம் ஊட்டிக்கு வண்டி ஏறுகிறோம். மலர்க் கண்காட்சியில் தொட்டி தொட்டியாக அடுக்கி வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டு வித்துகள். நாற்றங்காலில் வளர்த்துக் கொண்டுவந்து வைத்தவை. அவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எவரும் தண்ணீர் ஊற்றாமல், எவரும் உரம் போடாமல், ஆண்டின் மிகக் கொடிய மாதத்தில் தானாகப் பூக்கிற பூவைப் பார்க்க வேண்டுமென்றால் வரவேண்டிய இடம் இது.

கோடையில் எப்படிப் பூக்கிறது? தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டரைத் தொடாது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். களிமண் பூமியாக இருந்தால் அந்தத் தண்ணீர் தேங்கி, மண் வெடித்து, மாசிக்குள் ஆவியாகியிருக்கும். தேரி மணல் விழுந்த மழையை விழுந்த வேகத்தில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேலே உள்ள மணல் காய்ந்ததும் அதுவே கீழே இருக்கும் ஈரத்துக்கு மூடியாகிவிடும். காலையில் விரலால் தோண்டிப் பார்த்தால், சுடுகிற மணலுக்கு அடியில் குளிர்ந்த, கருஞ்சிவப்பான மணல் வரும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையும், தேரியின் ஓரங்களில் இருக்கும் தருவைக் குளங்களும் இந்தச் சேமிப்பிலிருந்துதான் தண்ணீர் வாங்குகின்றன. வேரை ஆழமாக விடத் தெரிந்த எருக்கும் ஆவாரையும் கொழிஞ்சியும் பங்குனி, சித்திரையில் பச்சையாக நிற்பதற்கும் அதுவே காரணம்.

மணலின் சிவப்பு இரும்பின் சிவப்பு. ஒவ்வொரு மணல் பருக்கையின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. காற்று கொண்டுவந்து குவித்த மணல் இது. மரம் இல்லாத இடத்தில் இன்றும் நகர்கிறது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தேரிகளைப் பற்றி எழுதினார். 1956-ல் ஃபிரெடெரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் இங்கே கிடைத்த நுண்கற்கருவிகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் புழங்கிய மண்ணைப் பாலைவனம் என்று சொல்லிவிட்டுப் போவது சரியல்ல.

ஓர் எருக்கஞ்செடி போதும்

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் பூச்சியைத் துரத்துகிறார்கள். வண்ணத்துப்பூச்சி பறக்க, இவர்கள் பின்னால் ஓட, கடைசியில் கிடைப்பது கலங்கிய இறக்கை ஒன்று. என் யோசனை இதுதான்: பூச்சியை விடுங்கள், செடியைப் பிடியுங்கள். தேரியின் ஓரத்தில், சாலைக் கரையில், ஆளுயர எருக்கஞ்செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கீழே ஒரு சாக்கை விரித்து உட்காருங்கள். சாக்கு முக்கியம், ஒன்பது மணிக்கு மேல் மணலில் முட்டி வைக்க முடியாது. காலையில் செருப்போடு வராமல் ஷூ போட்டு வாருங்கள். உடைமரத்து வெள்ளை முள் செருப்பைத் துளைத்துவிடும். உட்காரும் முன் தூரைச் சுற்றி ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சுருட்டைவிரியன் படுத்திருக்கிற பூமி இது.

எருக்கை யாரும் பூவாக மதிப்பதில்லை. பிள்ளையாருக்கு மாலை கட்ட ஒரு நாள் தேடுவார்கள், அதோடு சரி. மேக்ரோ லென்ஸில் அதன் பூவை நேருக்கு நேர் பார்த்தால் அசந்துபோவீர்கள். ஊதா படர்ந்த ஐந்து இதழ்கள் பின்னால் விரிந்திருக்க, நடுவில் ஐந்து தூண் வைத்த சிறு மண்டபம். அதன் உச்சியில் ஐங்கோண மேடை. தூண்களின் அடியில் தேன். ஐங்கோணத்தின் முனைகளில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கரும்புள்ளிகள் இருக்கும். அவைதான் இந்தப் பூவின் சூட்சுமம். மற்றப் பூக்களைப்போல எருக்கு மகரந்தத்தைத் தூளாக விடுவதில்லை. இரண்டு சிறு பொதிகளாக்கி, நடுவில் ஒரு கொக்கி வைத்துக் கட்டி வைத்திருக்கிறது. அந்தக் கொக்கிதான் கரும்புள்ளியாகத் தெரிவது.

அதை எடுத்துச் செல்ல வருபவர் கருவண்டு. காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கிற, நீலம் மின்னும் இறக்கையுள்ள பெரிய தேனீ. அது வந்து இறங்கினால் பூங்கொத்தே தாழ்ந்து ஆடும். தேனுக்காகத் தலையைக் கவிழ்க்கும்போது கால் மண்டபத்தின் இடுக்கில் வழுக்கி இறங்குகிறது. இழுத்து எடுக்கிறபோது கொக்கி மாட்டிக்கொண்டு பொதி இரண்டும் காலோடு வந்துவிடுகின்றன. அடுத்த பூவில் அதே கால் அதே இடுக்கில் இறங்கினால் பொதி அங்கே செருகிக்கொள்ளும். சிறிய பூச்சிகளுக்கு இந்த வேலை ஆகாது. இழுக்க வலு வேண்டும். கருவண்டு பறந்து போகிற ஒரு கணத்தில் அதன் பின்னங்காலை மட்டும் குறிவைத்து எடுத்த படத்தில், மஞ்சள் பொதிகள் தொங்குவது தெளிவாக விழும். என்னைக் கேட்டால் தேரியில் எடுக்கக்கூடிய படங்களில் தலையானது அது. புலியைப் படம் எடுக்க எவ்வளவு பொறுமை வேண்டுமோ அவ்வளவும் இதற்கும் வேண்டும்.

அதே செடியின் இலையைத் திருப்புங்கள். வரிவரியாகக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் போட்டுக்கொண்டு ஒரு புழு. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. எருக்கின் பால் நஞ்சு. ஆடு வாய் வைக்காது. புழு முதலில் இலையின் நரம்பைக் கடித்து வெட்டிப் பாலை வடியவிடுகிறது, பிறகு நரம்புக்கு அப்பால் உள்ள பகுதியை நிதானமாக மேய்கிறது. தின்ற நஞ்சைச் செரித்து ஒழிக்காமல் உடம்பிலேயே சேர்த்தும் வைத்துக்கொள்கிறது. பறக்கும் பருவத்திலும் அந்த நஞ்சு அதைக் காக்கும். தின்று பார்த்த பறவை அந்த வெந்தய நிறத்தை மறுமுறை தொடாது. அதனால்தான் வெந்தய வரியன் மற்ற வண்ணத்துப்பூச்சிகள்போலப் பதறிப் பறப்பதில்லை. மெல்ல மிதக்கும். புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

எருக்கு வெட்டுக்கிளியும் இங்கேயே இருக்கும். வளர்ந்தது மஞ்சளும் நீலமுமாகப் பட்டை போட்டிருக்கும். இறக்கை முளைக்காத குஞ்சு, வெளிர்ப்பச்சையில் கரும்பொட்டும் செம்பொட்டுமாக, இலை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். லென்ஸைக் கிட்டே கொண்டுபோய்ச் சீண்டிவிட்டால் உடம்பிலிருந்து ஒரு திரவத்தைப் பீச்சி அடிக்கும். எருக்கின் நஞ்சுதான் அதிலும் இருக்கிறது. லென்ஸில் பட்டால் துடைத்துவிடலாம், கண்ணில் படக்கூடாது. குருத்துத் தண்டில் மஞ்சள் அசுவினிகள் அப்பியிருக்கும். அவற்றின் இனிப்புக் கழிவை நக்க எறும்புகள், அவற்றையே தின்ன பொறிவண்டுகள், பொறிவண்டை விரட்ட மறுபடியும் எறும்புகள். நெல்லிக்காய் பருமன்கூட இல்லாத இடத்தில் நடக்கிற இந்தச் சண்டையை ஒரு காலை முழுக்க எடுக்கலாம்.

ஒரு செடியை விட்டு நகராமல் இத்தனை. ஓடி ஓடி எடுத்தவர்களின் கேமராவில் இது எதுவும் இருக்காது.

ஆவாரையின் சத்தம்

ஆவாரம்பூவை எல்லாரும் எடுக்கிறார்கள்; மஞ்சள் கொத்து, பின்னால் சிவப்பு மணல், அழகான படம். காதைத் தீட்டிக்கொண்டு எடுத்தால் இன்னொரு படம் கிடைக்கும். ஆவாரையின் மகரந்தப்பை மற்றப் பூக்களில்போல நெடுகத் திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும்தான். சும்மா வந்து உட்கார்ந்தால் ஒன்றும் கொட்டாது, உலுக்க வேண்டும். கருவண்டும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட ஒருவகைத் தேனீயும் அந்த வித்தை தெரிந்தவை. பூவைக் கால்களால் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை முதுகோடு மடித்து வைத்துவிட்டு, பறப்பதற்கான தசையை மட்டும் அதிரவிடும். உடம்பெல்லாம் நடுங்கும். ‘ஸ்ஸ்ர்ர்’ என்று சுருதி ஏறின ஒரு சத்தம் கேட்கும். அந்த நொடியில் துளையிலிருந்து மகரந்தம் தூவானமாகப் பீச்சும்.

பறக்கிற தேனீயின் ரீங்காரம் வேறு, பூவை உலுக்கும் ஓசை வேறு. காது இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் விரல் தானாக அழுத்தும். உலுக்கும்போது இறக்கை மடங்கியிருப்பதால் அது கலங்காமல் விழும் என்பது நமக்கு அனுகூலம். பின்னணி இருட்டாக இருக்கும்படி, ஒரு பனந்தூரின் நிழலை நோக்கிக் கேமராவை வைத்தால் மகரந்தத் தூளும் தெரியும். நம் வீட்டுத் தேன்கூட்டில் இருக்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. மற்றவை உலுக்கிவிட்டுப் போனபின் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

சிறு பூக்களை இங்கே ஓடிச் சொல்லிவிடுகிறேன். நெருஞ்சி, தரையோடு படர்ந்து கிழக்கே முகம் திருப்பியிருக்கும் மஞ்சள் பொட்டு. கொழிஞ்சி, இளஊதா. விஷ்ணுகிரந்தி, வானத்தைத் துளியாக வெட்டி வைத்ததுபோல் நீலம். பத்து மணிக்குமேல் தேடினால் கிடைப்பது அருமை. நாய்வேளையின் மஞ்சளும் சிறுபூளையின் வெள்ளைக் கதிரும் வேலியோரம். தும்பை மழைக்குப் பிறகுதான் கூட்டமாக வரும், கோடையில் கிணற்றடிகளில் மட்டும். காய்ந்துபோன செடியையும் தாண்டிப் போய்விடாதீர்கள். வாடிக் கருகின தேள்கொடுக்குச் செடியில் வெந்தய வரியன் ஆண்கள் மொய்த்துக்கொண்டிருக்கும். பெண்ணை ஈர்க்கும் வாசனையைச் செய்யத் தேவையான சரக்கை அந்தக் காய்ந்த தண்டிலிருந்துதான் உறிஞ்சுகின்றன.

கப்பலேறி வந்த பூச்சி

விளைகளின் வேலியோரம் சப்பாத்திக்கள்ளி நிற்கும். கோடையில் கந்தக மஞ்சளில் பூ. பிள்ளைகள் பழத்தைப் பறித்து, சுணை முள்ளை மணலில் தேய்த்துவிட்டுத் தின்று வாய் சிவந்து நிற்பார்கள். அந்தக் கள்ளி மடலில் சில இடங்களில் பஞ்சு ஒட்டினதுபோல் வெள்ளையாக இருக்கும். பூசணம் என்று நினைத்துப் போய்விடுவோம். ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள், மாதுளஞ்சாறுபோல் சிவப்பு வழியும். பஞ்சுக்குள் இருப்பது ஒரு பூச்சி. காக்சினீல் சாயத்தைத் தரும் குடும்பத்தைச் சேர்ந்தது.

அமெரிக்கக் கண்டத்துக் கள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியும் உடன்குடிப் பக்கத்தில் என்ன செய்கின்றன? காக்சினீல் சாயத்தில் ஸ்பெயினின் ஏகபோகத்தை உடைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி துடித்த காலம் ஒன்று இருந்தது. சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது, ஆனால் நல்ல சாயம் தருகிற ஜாதி அல்ல, காட்டு ஜாதி. சாய வியாபாரம் படுத்துவிட்டது. பூச்சி மட்டும் பிழைத்துக்கொண்டு கள்ளியைத் தின்றது. 1860-களில் தென்னாட்டில் ஒருவகைக் கள்ளியை அழிக்க அதையே கொண்டுவந்து விட்டார்கள். நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளி அதற்கு மசியவில்லை. அதை அடக்க 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு ஜாதிப் பூச்சி வந்தது. அதன்பின் நிலத்தை மறித்துக் காடாக நின்ற கள்ளி சில ஆண்டுகளில் சரிந்தது. களையை ஒழிக்கப் பூச்சியை ஏவுவதில் உலகத்துக்கே முன்னோடியான கதைகளில் இது ஒன்று.

மஞ்சள் பூவையும் வெள்ளைப் பஞ்சையும் ஒரே சட்டகத்தில் எடுத்தால், இருநூறு ஆண்டு வரலாறு அதில் அடங்கிவிடுகிறது. அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை.

நிழலில் இருக்கும் குழிகள்

பத்து மணிக்கு வெளிச்சம் கெட்டுவிடும். உச்சி வெயிலில் பூவின் நிறம் வெளிறி, நிழல் கறுத்து, எதுவும் சரியாக வராது. கொல்லாமரத்து நிழலுக்குப் போய்விட வேண்டியதுதான். சித்திரையில் கொல்லாம்பழ வாசனையில் கிறங்கிப்போய் வண்டுகளும் ஈக்களும் அங்கேதான் கூடியிருக்கும். கிளையில் முசுறு எறும்பு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தால் தள்ளி உட்காருங்கள்.

தலையைக் குனிந்தால், நிழல் மணலில் விரலால் சுழித்ததுபோல் சிறுசிறு குழிகள். குழியானை. குழந்தையாக இருந்த எல்லாருக்கும் பழக்கம். உள்ளங்கையில் வைத்துப் பின்னோக்கி நடக்கவிட்டிருப்போம். தேரி மணல் அதற்கென்றே சலித்துக் கொட்டினதுபோல இருக்கிறது. ஒரே அளவான, வழவழப்பான பருக்கை. அந்த மணலில் எந்தச் சரிவுக்குமேல் செங்குத்தானால் சரியுமோ, சரியாக அந்தச் சரிவில் குழி வெட்டியிருக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்தால் சரிகிறது. தப்பி ஏறினால் அடியிலிருந்து மணலை வாரி எறிந்து மறுபடி சரியவிடுகிறது. பிடி கிடைத்ததும் அரிவாள்போன்ற தாடையில் துளைத்துச் சாறை உறிஞ்சிவிட்டு, சக்கையைக் குழிக்கு வெளியே வீசும்.

இதைப் படம் எடுக்க மேலே இருந்து எடுக்காதீர்கள், குழி தட்டையாகிவிடும். கேமராவை மணலிலேயே வைத்து, ஒரு சிறு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் குழியின் ஆழமும் ஒவ்வொரு பருக்கையின் விளிம்பும் எழுந்து வரும். இந்தப் புழுவுக்குக் கழிவு வெளியேறும் வழி கிடையாது. புழுப்பருவம் முழுக்கச் சேர்த்து வைத்து, இறக்கை முளைத்தபின்தான் வெளியேற்றும். வளர்ந்த குழியானையைப் பார்த்திருப்பீர்கள், தெரிந்திருக்காது. இரவில் திண்ணை விளக்கைச் சுற்றி வரும், தட்டான்போல நீண்ட, நொய்ந்த பூச்சி. தட்டானுக்கு உணர்கொம்பு மயிரிழை அளவு. இதற்கு முனை தடித்து நீண்டிருக்கும். விடிலிக் குடிசையில் பதநீர் காய்ச்சுகிற அடுப்பு வெளிச்சத்துக்கும் வரும்.

கருவி பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் சாதாரண 50 எம்எம் லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்ட மலிவு விலையில் வளையம் கிடைக்கிறது; அதுவே போதும். செல்போனில் ஒட்டுகிற மேக்ரோ கண்ணாடியிலும் குழியானையின் தாடைவரை எடுக்கலாம். வெளிச்சத்தை மட்டுப்படுத்தத் தனிச் சாதனம் வேண்டாம், வெள்ளைத் துண்டு ஒன்றைப் பூவுக்கு மேல் இருவர் விரித்துப் பிடித்தால் வெயிலே பதமாகிவிடும். லென்ஸைத் தேரியில் வைத்துக் கழற்றி மாட்டக்கூடாது. மாவாக அரைத்த இரும்பு மணல் உள்ளே போனால் கேமரா சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். வைகாசி பிந்தி மேகாத்து என்கிற மேற்குக் காற்று எழும்பிவிட்டால் பூ ஒரு நொடி நிற்காது. அதற்கு முன்னால், விடிந்து இரண்டரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயங்கச் செய்வது, பூவைப் பறித்துத் தோதாகச் செருகி வைப்பது, ஸ்பிரேயரில் தண்ணீர் அடித்துப் பனித்துளி என்று காட்டுவது இவையெல்லாம் சிலர் செய்கிறார்கள். அது பொய். அப்படி எடுத்த படத்தில் அழகு இருந்தாலும் தகவல் கிடையாது. காப்புக்காட்டு எல்லைக்குள் போவதென்றால் வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

வெள்ளை மணலுக்கு

சிவப்பில் தொடங்கியவர்கள் சாயங்காலம் வெள்ளைக்குப் போகலாம். உடன்குடியிலிருந்து கடற்கரைப் பக்கம் சில கிலோமீட்டர் போனால் மணப்பாடு. 1542-ல் பிரான்சிஸ் சேவியர் வந்து இறங்கினதாகச் சொல்லப்படும் ஊர். குன்றின் மேல் கோயில், கீழே உப்பங்கழி, கடலோரம் வெள்ளை மணல்மேடு. தேரியில் செடிகள் வேரை ஆழத்துக்கு விட்டுப் பிழைக்கின்றன என்றால், இங்கே பக்கவாட்டில் ஓடிப் பிழைக்கின்றன. அடப்பங்கொடி ஆட்டுக்குளம்பு இலையோடு கடலை நோக்கிப் படர்ந்து, காலையில் ஊதாப் புனல்களைத் திறக்கும். மதியத்துக்குள் அவை சுருங்கிவிடும். பூவில் மட்டுமல்ல, இலைக்காம்பிலும் தேன் சுரக்கிறது. அதைக் குடிக்க வருகிற எறும்பு கூலியாகப் புழுக்களை விரட்டும்.

எறும்பையும் ஏமாற்றிவிட்டு அந்த இலையில் வாழ்வது ஆமைவண்டு. கண்ணாடி விளிம்பு வைத்த தங்கப் பொட்டு. ஓட்டின் அடுக்குகளில் இருக்கும் ஈரம்தான் அந்தத் தங்கத்தைத் தருகிறது. சீண்டினால் நிறம் மங்கும், செத்தால் போயே போய்விடும். ஊசியில் குத்தி அருங்காட்சியகப் பெட்டியில் வைத்த ஆமைவண்டு வெறும் பழுப்பு. உயிரோடு எடுத்த படத்தில்தான் தங்கம் தங்கும். பூச்சியைக் கொல்லாமல் ஆராய முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுகிற உதாரணம் இது.

ஈர மணல் விளிம்பில் புலிவண்டு. ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். அதன் ஓட்ட வேகத்தில் கண்ணுக்குக் காட்சி பதியாது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நின்று பார்த்துக்கொண்டு இரையை நோக்கி மீண்டும் ஓடுகிறது. அது நிற்கிற நேரம்தான் நம் நேரம். மேட்டின் மேல் ராவணன் மீசையின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டு விதை தூவிக்கொண்டு போவதையும் மெதுவான ஷட்டரில் எடுக்கலாம்.

சாதாரணத்தைப் பார்த்தவர்கள்

திருநெல்வேலியில் 1912-ல் பிறந்தவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திக்கொண்ட கருவியில், கறுப்பு வெள்ளையில், யானைகளை அவர் எடுத்த படங்கள் பிரசித்தம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 1950-ல் தொடங்கி 1996-ல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் அவர் எழுதிய பத்தி. காக்கை, ஓணான், வெள்ளாடு, வேலியோரச் செடி என்று நாம் தாண்டிப் போகிற அத்தனையும் அதில் வந்தன. தமிழில் அவர் எழுதியவற்றை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்துத் தந்திருக்கிறார். தேரிக்குப் போகிறவர்கள் பையில் ஒரு கேமராவோடு அந்தப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

பிரான்ஸில் பூச்சியியலாளர் ழான் ஆன்ரி ஃபாபர் 1879-ல் ஒரு நிலம் வாங்கினார். கல்லும் முள்ளுமாக, எந்தப் பயிருக்கும் ஆகாத தரிசு. குளவிகளும் காட்டுத் தேனீக்களும் நிறைந்த இடம் என்பதற்காகவே வாங்கினார். அங்கே உட்கார்ந்து பார்த்ததைத்தான் பத்துத் தொகுதிகளாக எழுதினார். நம்மிடம் அப்படி 12 ஆயிரம் ஏக்கர் சும்மாவே இருக்கிறது.

இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல இன்னும் எத்தனை காலம் முடியும் என்பதுதான் என் கவலை. தேரி ஓரத்தில் உட்கார்ந்து படம் எடுத்தால், சைக்கிளில் போகிறவர் நிறுத்திக் கேட்பார்: “என்ன அண்ணாச்சி, சர்வேயா? இடம் எடுக்கப் போறாவளா?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. கல்லாமொழிக் கடற்கரையில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம் எழுந்திருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். தெற்கு நோக்கி ஏவும்போது இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பதால் சிறு ராக்கெட்டுகளுக்கு இந்தக் கரை தோதானது. நாட்டுக்குத் தேவையான வேலைகள்தான். வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு இடத்தை வேலி போட்டு எடுக்கும்போது அங்கே என்ன இருந்தது என்பதற்கு ஒரு பதிவு வேண்டாமா? மரத்தை எண்ணுவார்கள், பனையை எண்ணுவார்கள். எருக்கங்கொத்தில் பொதி சுமக்கிற கருவண்டை யார் எண்ணுவது?

எண்ணலாம். உடன்குடி, மெஞ்ஞானபுரம், பரமன்குறிச்சிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையிலேயே செல்போன் இருக்கிறது. 2008-ல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தை ஏற்றினால், இடமும் தேதியும் அதில் பதிவாகும், இனம் எது என்று உலகின் எந்த மூலையிலிருந்தாவது ஒருவர் சொல்வார். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலும் அதே வேலையைச் செய்கிறது. படம் அழகாக இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை அல்ல. செடி என்றால் முழுச் செடி, இலையின் அடிப்பக்கம், பூவின் பக்கவாட்டு, காய். பூச்சி என்றால் முதுகு, பக்கம், முகம். அது உட்கார்ந்திருந்த செடி எது என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும். செடியின் பேர் தெரியாமல் பூச்சியின் பேர் தெரிவது அபூர்வம். பேர் தெரியாத செடியைப் பனையேறும் அண்ணாச்சியிடமோ ஆடு மேய்க்கும் ஆச்சியிடமோ காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொல்கிற பேரையும் குறித்து வையுங்கள். எந்த நூலிலும் இல்லாத பேராகக்கூட அது இருக்கலாம்.

இந்தக் கோடையின் பட்டியல் எருக்கில் தொடங்கட்டும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள் செம்மணலில் சிவப்பு வெல்வெட்டாக ஊரும் பட்டுப்பூச்சிகளுக்கும், உடைமரத்தில் வந்து தொற்றும் பொன்வண்டுகளுக்கும், நோட்டில் பின்பக்கத்து ஏடுகளை விட்டு வையுங்கள்.